அப்பா எரித்த கடிதங்கள், எடுத்த படங்கள்

ஓவியர் அம்ரிதா ஷேர்-கில்லைச் சின்ன வயசிலிருந்தே படமெடுத்துத் தள்ளியவர் அவருடைய அப்பா உம்ராவ் சிங். மகளுக்கு வந்த கடிதங்களைத் தீயில் போட்டதும் அதே அப்பாதான். மேல்சட்டையில்லாமல் தன்னையே படமெடுத்துக்கொண்ட மனுஷன். கேமராவுக்குப் பயப்படாதவருக்கு எழுத்து என்றால் பயம்.

பாரிஸில் உடன் படித்த மாரி லூயிஸ் ஷசானியோடு தனக்கு உடலுறவு கிடையாது என்று 1934இல் அம்ரிதா அம்மாவுக்கு எழுதினார். வாய்ப்பு வந்தால் ஒரு பெண்ணோடு பழகலாமென நினைத்திருந்ததையும் அதிலேயே சொல்கிறார். அம்மாவிடம் யார்தான் முழுசாகச் சொல்வார்கள்? நம் குயர் வரலாற்றுக்கு இந்த அரைவாசிச் சொல்லே பெரிய சான்று.

1941இல், 28 வயதில், அம்ரிதா இறந்தார். தங்கை மகன் விவான் சுந்தரம் பிறந்தது 1943இல். பார்த்தே இராத பெரியம்மாவை 2001இல் அவர் தாத்தாவின் படங்களிலிருந்து கணினியில் வெட்டி ஒட்டி எடுத்தார். வெவ்வேறு வருஷத்து ஆட்கள் ஒரே அறைக்குள் வந்து நிற்கிறார்கள். சிலவற்றில் இரண்டு அம்ரிதா. இது இட்டுக்கட்டியது என்பார்கள். இருக்கட்டுமே, அந்த வீட்டு ஆவணத்தில் முதலில் கைவைத்தது தாத்தாதானே.

மிஞ்சிய கடிதங்களை 2010இல் இரண்டு பெரிய தொகுதிகளாக விவானே கொண்டுவந்தார். கடிதங்களை எரித்ததற்காக அம்ரிதா அப்பாவிடம் வருந்தி எழுதியது தப்பிப் பிழைத்திருக்கிறது.