யவனர் கொண்டு வந்த தேறல்

பல்லடம், திருப்பூர் பக்கம் ஏற்றுமதிக்காரர் வீட்டு ஷோகேஸில் சில சமயம் ஒரு ரெட் ஒயின் பாட்டில் நிற்கும். வெளிநாட்டு பையர் அன்பாகக் கொடுத்துவிட்டுப் போனது. லேபிளில் என்ன எழுதியிருக்கிறது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. என்றைக்காவது துணிச்சல் வந்து, ஸ்க்ரூ டிரைவரால் கார்க்கை உள்ளே தள்ளி, எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி ஒரு வாய் வைத்தால்... முகம் அஷ்டகோணலாகும். ‘என்னங்க இது, நாவப்பழத்தைக் கொட்டையோட மென்ன மாதிரி இருக்கு!’

அந்த நாக்கை நான் குறை சொல்ல மாட்டேன். திராட்சைத் தோலும் விதையும் தருகிற அந்த ருசிக்குத் தமிழில் அழகான பெயர் இருக்கிறது - துவர்ப்பு. பாக்கிலும் வாழைப்பூவிலும் நாம் தினம் பார்க்கிற சங்கதிதான். அதைவிட முக்கியம், இத்தாலிச் சரக்கு இந்த மண்ணுக்குப் புதுசே இல்லை. 1978-ல் டி-ஷர்ட் வாங்க வந்த ஓர் இத்தாலியரிடமிருந்துதான் திருப்பூரின் ஏற்றுமதிக் கதை தொடங்குவதாகச் சொல்வார்கள். உண்மையில் அது இரண்டாம் பாகம். முதல் பாகம் ஓடியது இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பு!

1944-ல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமைப் பொறுப்புக்கு வந்தவர் மார்ட்டிமர் வீலர். சென்னை மியூசியத்தில் ஒரு அலமாரியைத் துழாவியபோது உடைந்த ஜாடியின் கழுத்தும் நீண்ட கைப்பிடியும் அவர் கையில் தட்டுப்பட்டன. மத்தியத் தரைக்கடல் நாடுகளில் ஒயின் நிரப்பி அனுப்பும் ‘ஆம்போரா’! எங்கே கிடைத்தது என்று விசாரித்தால், பாண்டிச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேடு என்றார்கள். 1945-ல் அங்கே தோண்டினார். ஓடு ஓடாக வந்தது. ரோமானிய வியாபாரம் கையும் களவுமாகப் பிடிபட்டது.

ஜாடிக்குள் இருந்த ஒயின் எப்படிப்பட்டது தெரியுமா? அரிக்கமேட்டு ஓடுகளில் கணிசமானவை கிரேக்கத் தீவான காஸ் பாணி ஜாடிகள். காஸ் ஒயினின் விசேஷமே, அதில் கடல் தண்ணீர் கலப்பார்கள் என்பதுதான்! இது ஒரு திருட்டில் ஆரம்பித்ததாக ரோமானிய எழுத்தாளர் பிளினி சொல்கிறார். கணக்குப்படி ஜாடியை நிரப்பிக் காட்ட வேண்டிய அடிமை ஒருவன், குறைந்த அளவுக்குக் கடல் நீரை ஊற்றிச் சமாளித்தானாம். (நம்ம ஊர் பால்காரருக்கு மூதாதை!) குடித்தவர்களுக்கு அது பிடித்துப்போய், அதுவே ஃபேஷனாகிவிட்டது. கேட்டோ என்ற ரோமானியர் இதற்குச் செய்முறையே எழுதி வைத்திருக்கிறார். திராட்சை அறுவடைக்கு 70 நாள் முன்பு, அலையடிக்காத நாளாகப் பார்த்து, ஆழ்கடலில் தண்ணீர் எடுக்க வேண்டுமாம்.

இதோடு முடியவில்லை. மண் ஜாடி கசியாமல் இருக்க உள்பக்கம் பிசின் பூசுவார்கள். அந்த வாசனையும் ஒயினில் இறங்கும். பிறகு எகிப்து வந்து, நைல் நதியில் ஏறி, பாலைவனத்தில் ஒட்டக முதுகில் குலுங்கி, செங்கடலில் கப்பலேறி, பருவக்காற்றைப் பிடித்து இந்தியா வரவேண்டும். உப்பு, பிசின், பல மாத வெயில்... இன்றைய பாட்டிலே தேவலை என்கிறீர்களா? ரோமானியர்களே ஒயினைத் தண்ணீர் கலந்துதான் குடித்தார்கள். அப்படியே குடித்தால் காட்டுமிராண்டி என்று பெயர். பிளினி அதில் நாலு நிறம் வேறு சொல்கிறார் - வெள்ளை, மஞ்சள், ரத்தச் சிவப்பு, கறுப்பு.

இங்கே அதைக் குடித்தது யார்? புறநானூற்றின் 56-ம் பாட்டைப் புரட்டுங்கள். பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துகிறார். யவனர் கொண்டுவந்த குளிர்ந்த, மணமுள்ள தேறலை, வளையணிந்த பெண்கள் பொன் கிண்ணத்தில் ஏந்தித் தர, தினமும் அருந்தி மகிழ்ந்திரு என்கிறார். ‘கலம்’ என்று அவர் சொல்வது கப்பலையா, ஜாடியையா? அந்தச் சொல் இரண்டுக்கும் பொருந்தும். அரிக்கமேட்டு ஓடுகளைப் பார்த்த பிறகு என் ஓட்டு ஜாடிக்கே!

சரி, கொங்கு நாட்டுக்கு இதில் என்ன பங்கு? மேற்குக் கடற்கரையின் முசிறியில் இறங்கியவர்கள் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கே வந்தால், கோவை, கரூர் என்று நேர் பாதை. இன்றைய பல்லடம் சாலையும் அதே திசையில்தான் ஓடுகிறது. கோவையை ஒட்டிய வெள்ளலூரில் 1842-ல் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக்காசுகள் கிடைத்தன. கரூரிலும் காசுகள். இத்தனை காசு எதற்கு? காங்கயம் பக்கத்துப் படியூரில் பெரில் என்னும் பச்சைநீலக் கல் கிடைத்தது. ரோமாபுரிச் சீமாட்டிகளுக்கு அதன் மேல் பைத்தியம். ‘இந்தியா வருஷத்துக்கு 5 கோடி செஸ்டெர்ஸ் நம்மிடமிருந்து உறிஞ்சுகிறது’ என்கிற பாணியில் பிளினி புலம்புகிறார்.

வரவு-செலவுக் கண்ணோடு பாருங்கள். முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க வியாபாரி எழுதிய ‘பெரிப்ளஸ்’ என்ற கடல்வழிக் கையேடு, முசிறிப் பக்கம் என்ன விற்கும் என்று பட்டியல் போடுகிறது. முதலிடம் காசுக்கு. ஒயினும் உண்டு, ஆனால் அதிகமில்லை என்கிறது. நம்மவர்கள் கெட்டிக்காரர்கள்! மிளகையும் கல்லையும் கொடுத்துவிட்டு, ‘ஒயின் கொஞ்சம் இருக்கட்டும், மீதிக்குக் காசை எடு’ என்றிருக்கிறார்கள். ரோம் தலையில் துண்டு விழுந்ததற்கு இதுவும் காரணம்.

அந்தக் காசும் தேறலும் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்ததா? சங்கப் பாடல்களில் பாணருக்கும் வீரருக்கும் அதிகமாகக் கிடைப்பது உள்ளூர்க் கள். பொன் கிண்ணமும் யவனத் தேறலும் அரண்மனையில். கல்லைப் பட்டை தீட்டியவர்கள் இருந்தது கொடுமணலில், திருப்பூரைத் தாண்டி ஓடும் அதே நொய்யல் கரையில். (சாயத் தண்ணீரால் பின்னாளில் பெயர் கெட்ட அதே நொய்யல்தான்.) 1985 முதல் அங்கே நடந்த அகழாய்வுகளில் கல்மணிகள், பாதி வேலையில் நின்ற கற்கள், இரும்பு உருக்கும் உலைகள் எல்லாம் வெளிவந்தன. கூடவே நூற்றுக்கணக்கான மண்பாண்ட ஓடுகள். அவற்றில் தமிழ் பிராமி எழுத்தில் ஆட்களின் பெயர்கள் கீறியிருக்கின்றன. சம்பன் சுமணன், கண்ணன் ஆதன்... புழங்கிய பானையில், அவரவர் பெயர்.