கல்முனைக்குடிக்கு அலைக்கற்றை வந்த வழி

வடக்கே கல்முனை நகர், தெற்கே சாய்ந்தமருது, கிழக்கே வங்கக் கடல், மேற்கே வட்டை எனப்படும் வயல்வெளி. இந்த எல்லைகளுக்குள் வீட்டோடு வீடு ஒட்டி நெருங்கிக் கிடக்கும் ஊர் கல்முனைக்குடி. ஊருக்குள் ஆயிரக்கணக்கான கைபேசிகள் ஒரே நேரத்தில் இயங்குகின்றன. வட்டையிலும் கடலிலும் ஆட்கள் சிலரே, தூரமோ அதிகம். ஊருக்குத் தேவை கொள்ளளவு, வட்டைக்கும் கடலுக்கும் தேவை எட்டும் தூரம். இவ்விரண்டையும் ஒரே வகை அலைவரிசையால் மலிவாகத் தந்துவிட முடியாது. கடந்த முப்பது ஆண்டுகளில் முதல் தேவை படிப்படியாக நிறைவேறியது, இரண்டாவது பின்தங்கியது. கோபுரங்களின் போதாமையைவிட, எந்த அலைவரிசை எப்போது யாருக்கு விடுவிக்கப்பட்டது என்பதே இதற்குப் பெரிய காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இலங்கையில் கைபேசிச் சேவை 1989 இல் செல்டெல் நிறுவனத்துடன் தொடங்கியது. 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டமும், 1996 இல் அதற்கு வந்த திருத்தமும் இன்றைய தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவை உருவாக்கின. அலைக்கற்றையைப் பங்கிடும் அதிகாரம் அதனிடமே உள்ளது. வட்டவிதானை வாய்க்கால் நீரை வயல்களுக்குப் பிரித்துவிடுவது போன்ற பொறுப்பு அது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. இன்று திறக்காத நீர் குளத்தில் நாளைக்கு இருக்கும். இன்று பயன்படாத அலைக்கற்றை இன்றோடு வீணாகிறது.

1995 இல் டயலொக் நிறுவனம் ஜி.எஸ்.எம். கைபேசிச் சேவையைத் தொடங்கியது. ஆனால் கிழக்குக் கரையில் அப்போது யுத்தம். 2002 பெப்ரவரிப் போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பிறகே வடக்கிலும் கிழக்கிலும் கோபுரங்கள் பெருகின. அதுவரை மத்திய கிழக்கில் வேலை செய்பவரோடு பேச வேண்டுமென்றால் அழைப்பெடுக்கும் கொமியூனிகேஷன் கடையில் காத்திருக்க வேண்டியிருந்தது. இக்கரையோரத்தில் தொலைபேசிக்கான தேவையை உருவாக்கியவற்றுள் அந்த வெளிநாட்டு உழைப்பு முதன்மையானது என்றே கருதுகிறேன். இன்று நிமிடக் கட்டணமே இல்லாமல் முகம் பார்த்துப் பேசும் குடும்பங்களுக்கு, இணையத்தின் முதற்பயன் அதுதான்.

2004 டிசம்பர் 26 சுனாமி அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அதற்கடுத்த ஆண்டுகளில் சி.டி.எம்.ஏ. கம்பியில்லாத் தொலைபேசிகள் வீடுகளுக்குள் வந்தன. தெருவெல்லாம் கம்பி இழுக்காமலே புதிய வீட்டுக்குத் தொலைபேசி கொடுக்கலாம் என்பதைக் கரையோரத்துக்கு அவை காட்டின.

2006 இல் மூன்றாம் தலைமுறைச் சேவை வந்தது. அதற்குரிய 2100 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 14 சென்ரிமீற்றர். 900 மெகாஹேர்ட்ஸில் அது 33 சென்ரிமீற்றர். மீடிறன் கூடக்கூட அலை எட்டும் தூரம் குறையும், சுவர்களைத் தாண்டும் வலுவும் குறையும். நகருக்கு அது குறையல்ல. கோபுரங்களை நெருக்கமாக வைத்து அதே அலைவரிசையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். கொள்ளளவு பெருகுவது அப்படித்தான். நாலாம் தலைமுறை 2013 இல் வந்தபோது டயலொக் அதை 1800 மெகாஹேர்ட்ஸில் தொடங்கியது. குரல் அழைப்புக்குப் பயன்பட்டுவந்த இந்த அலைவரிசையை இணையத்துக்குத் திருப்பும் வழி உலகெங்கும் வெற்றி கண்டது. புதிய அலைக்கற்றைக்குக் காத்திருக்க வேண்டாம், உள்ளதைச் சிறப்பாகப் பயன்படுத்தினால் ஒரு கிகாபைற்றுக்கு ஆகும் செலவு குறையும்.

இதற்கு முன்பே, 2009 இல் எயார்டெல் நுழைந்ததும் நிறுவனங்கள் ஐந்தாயின. கட்டணப் போர் மூண்டது. 2010 இல் ஆணைக்குழு அழைப்புகளுக்குக் குறைந்தபட்சக் கட்டணம் விதித்தது. போட்டியால் மக்கள் பெற்ற நன்மையை மறுக்க முடியாது. ஆனால் சிறிய நாட்டின் அலைக்கற்றை ஐந்து துண்டானது. நாலாம் தலைமுறைத் தொழில்நுட்பத்தில் தொடர்ச்சியான 20 மெகாஹேர்ட்ஸ் தரும் உச்ச வேகத்தை, வெவ்வேறு நிறுவனங்களிடம் சிதறிய ஐந்தைந்து மெகாஹேர்ட்ஸ் எதுவும் தராது. 2018 இல் அந்த ஐந்தில் ஒன்றான ஹட்ச், இன்னொன்றான எடிசலாற்றை வாங்கியது. 2024 இல் எயார்டெல் டயலொக்கோடு இணைந்தது. இப்போது மூன்று. துண்டுகள் சேர்ந்ததில் மகிழ்ச்சியே. ஆயினும் போட்டி குறைந்த சந்தையில் விலையைக் கண்காணிக்கும் சுமை முழுவதும் ஆணைக்குழுவின் தோளில் ஏறியிருக்கிறது.

விலை பற்றிய அளவுகோலும் ஆராயப்பட வேண்டியது. ஐ.நா.வின் அகலப்பட்டை ஆணைக்குழு 2018 இல் வைத்த இலக்கு, அடிப்படை இணையச் சேவையின் விலை தலா மாத வருமானத்தில் 2 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது. தேசியச் சராசரியில் இலங்கை மலிவான நாடாகத் தெரியும். வாடைக்காலத்தில் கடலுக்குப் போகாத மீனவருக்குச் சராசரி வருமானம் என்று ஒன்றில்லை. அவர் சிறிய ரீலோட் போட்டு அன்றன்றைக்கு வாங்குகிறார். 2020 இல் பாடசாலைகள் மூடப்பட்டு வகுப்புகள் கைபேசிக்கு வந்தபோது, இரண்டு மூன்று பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு அந்தச் சிறிய ரீலோட் போதவில்லை. இணையத்தின் மீதான 10 சதவீதத் தொலைத்தொடர்பு வரி 2017 இல் நீக்கப்பட்டது நல்ல முடிவு. 2022 நெருக்கடியில் கட்டணங்கள் 20 சதவீதம் உயர்ந்தபோது அந்த நிவாரணம் கரைந்தது.

வட்டைக்கும் கடலுக்கும் வருவோம். சிலருக்காக ஒரு கோபுரம் கட்டுவது எந்த நிறுவனத்துக்கும் இலாபமில்லை. அந்நிலையில் 2018 வரவு செலவுத் திட்டம் கோபுரம் ஒன்றுக்கு மாதம் 2 இலட்சம் ரூபாய் வரியை முன்மொழிந்தது, ஆள் குறைந்த இடங்களை இன்னும் ஓரந்தள்ளும் யோசனை. எட்டும் தூரத்துக்கு இயற்பியல் தரும் விடை 700 மெகாஹேர்ட்ஸ். குறைந்த கோபுரங்களால் கூடுதல் பரப்பை அது மூடும். ஆனால் அது தொலைக்காட்சி ஒளிபரப்பின் பழைய இடம். இலங்கை 2014 இல் ஜப்பானிய டிஜிட்டல் தரத்தைத் தேர்ந்தது. பத்தாண்டு கடந்தும் மாற்றம் நிறைவேறவில்லை. பலூன் வழியாக இணையம் தர முயன்ற கூகிளின் லூன் திட்டத்தை இங்கே நினைக்க வேண்டும். 2015 இல் உடன்படிக்கை கையெழுத்தானது, 2016 இல் பலூனும் நம் வானுக்கு வந்தது. அலைக்கற்றை ஒதுக்குவதில் எழுந்த சிக்கலில் அது நின்றுபோனது. தொழில்நுட்பம் எவ்வளவு உயரத்தில் பறந்தாலும் அலைக்கற்றைக் கொள்கை தரையில்தான் தீர்மானிக்கப்படுகிறது.

இந்தியாவின் அனுபவம் இன்னொரு எச்சரிக்கை. அங்கே 700 மெகாஹேர்ட்ஸுக்கு 2016 இல் வைத்த அடிப்படை விலை மிக அதிகம், ஒருவரும் வாங்கவில்லை. 2021 இலும் விற்கவில்லை. 2022 இல்தான் ஜியோ வாங்கியது. ஆறு ஆண்டுகள் அந்த அலைவரிசையால் அரசுக்கும் வருமானமில்லை, கிராமத்துக்கும் சேவையில்லை. ஜேர்மனி 2010 இல் 800 மெகாஹேர்ட்ஸை ஏலம்விட்டபோது வேறு வழி எடுத்தது. சேவை குறைந்த சிற்றூர்களை முதலில் எட்ட வேண்டும், பிறகே பெருநகரங்கள் என்று உரிமத்திலேயே கட்டாயப்படுத்தியது.

இலங்கையில் 700 மெகாஹேர்ட்ஸை வழங்கும்போது ஜேர்மனியின் நிபந்தனையே பொருந்தும். சேவை எட்டும் அளவைச் சனத்தொகையால் மட்டும் கணக்கிட்டால் கல்முனைக்குடி ஏற்கனவே முழுமை பெற்ற ஊராகவே பதிவாகும். விளைச்சல் நேரத்தில் வட்டையில் தங்குபவரும் கரையை விட்டு விலகிய படகும் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். நிலப்பரப்பையும் கரையிலிருந்து வரையறுத்த கடல் தூரத்தையும் உரிமத்தில் எழுத வேண்டும். ஏலத் தொகையைக் குறைத்தாவது அதைப் பெற வேண்டும். அளந்த முடிவுகளைக் கிராம சேவகர் பிரிவுவாரியாகத் தமிழிலும் வெளியிட வேண்டும்.