பாம்பறிந்த கைகள்: இருளர் வாழ்வில் ஒரு தடையும் ஒரு திருப்பமும்

'பாம்பென்றால் படையும் நடுங்கும்' என்பது பழமொழி. படை நடுங்கும் இடத்தில் நடுங்காது நின்று, பாம்பு பிடிப்பதையே வாழ்வாதாரமாகக் கொண்ட தொல்குடியினர் தமிழகத்தில் உண்டு. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் வாழும் இருளர்களே அவர்கள். அவர்தம் வரலாற்றை ஈப்போவில் அமர்ந்து எண்ணிப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு தொழில் மறையும்போது அதனோடு வளர்ந்த அறிவு என்னவாகிறது என்னும் வினா, இரப்பர்த் தோட்டங்களில் தலைமுறைகளைக் கழித்த பேராக் தமிழர்க்கும் உரிய வினாவாகும்.

இருளரின் கருவிகள் மிகச் சில: வளையைத் தோண்டக் கடப்பாரை, ஒரு கோல், ஒரு துணிப்பை. உண்மையான கருவி அவர்தம் கண்ணே. புழுதியில் பதிந்த தடம், உரித்துவிட்ட சட்டை, வளை வாயிலில் கிடக்கும் எச்சம் ஆகியவற்றைக் கொண்டு உள்ளே இருப்பது எவ்வகைப் பாம்பு என்பதை அவர்கள் அறிந்துகொள்வர். வயல் எலிகளைப் பிடிப்பதும், அவை வளைக்குள் சேர்த்து வைத்த நெல்லை மீட்டெடுப்பதும் அவர்களுடைய பிற தொழில்கள். இவ்வறிவு ஏட்டில் எழுதப்பட்டதன்று. தந்தையோடும் தாயோடும் காடுமேடு அலைந்து பிள்ளைகள் கற்றுக்கொண்டது.

இருபதாம் நூற்றாண்டில் பாம்புத்தோலுக்கு வெளிநாடுகளில் பெருஞ்சந்தை ஏற்பட்டது. கைப்பைகளும் காலணிகளும் செய்வதற்குத் தோல் ஏற்றுமதியாயிற்று. தோலைக் கொணர்ந்த இருளர்க்குக் கிடைத்தது சிறு கூலியே. பொருளீட்டியோர் இடைத்தரகரும் வணிகருமே. 1972இல் இந்தியா வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. 1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது.

இத்தடை தவறென்று எவரும் கூறவியலாது. பாம்பு அழிந்தால் எலி பெருகும்; எலி பெருகினால் விளைச்சல் குறையும். ஆயினும் பாம்பைக் கண்ட சட்டம், பாம்பு பிடித்தவரைக் காணவில்லை. வணிகர் வேறு சரக்குக்கு மாறினர். மாறுவதற்கு வேறொன்றும் இல்லாத இருளரோ, தம் முன்னோர் செய்த தொழிலே குற்றமாகிவிட்ட நிலைக்குத் தள்ளப்பட்டனர்.

இந்நிலையில்தான் 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. அதன் உருவாக்கத்தில், சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கர் பெரும்பங்கு ஆற்றினார். சங்கம் மாமல்லபுரம் செல்லும் வழியிலுள்ள வடநெம்மேலியில் இயங்குகிறது. அதன் அடிப்படைக் கருத்து எளியது: தோல் வேண்டுமாயின் பாம்பு சாகவேண்டும், நஞ்சு வேண்டுமாயின் பாம்பு வாழவேண்டும்.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு வகைகளையே உறுப்பினர் பிடித்து வருவர். வாயில் துணி கட்டிய மண்பானைகளில் அவை ஏறத்தாழ மூன்று வாரம் வைக்கப்படும். வாரம் ஒருமுறை நஞ்சு எடுக்கப்படும். பின்னர் வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டில் விடுவர். அதே பாம்பு மீண்டும் விரைவில் பிடிபட்டால் அவ்வடையாளம் காட்டிக்கொடுக்கும். உலர்த்திய நஞ்சு மருந்து நிறுவனங்களுக்குச் செல்கிறது. அங்கு அது சிறுசிறு அளவாகக் குதிரைகளுக்குச் செலுத்தப்பட்டு, அவற்றின் குருதியில் உருவாகும் எதிர்ப்பொருளிலிருந்து நச்சுமுறி மருந்து எடுக்கப்படுகிறது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுதோறும் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என்று ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர். இம்மருந்து இல்லையேல் இத்தொகை இன்னும் பெருகியிருக்கும்.

இருளரின் திறனை உலகமும் கண்டது. 2017இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் பெருகிவிட்ட மலைப்பாம்புகளைத் தேடிப் பிடிக்க வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருவர் அழைக்கப்பட்டனர். 2023இல் இந்திய அரசு அவ்விருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

எனினும் இதனை முழு வெற்றியென்று முடித்துவிடலாகாது. எத்தனை பாம்புகளைப் பிடிக்கலாம் என்பதை வனத்துறையின் அனுமதியே முடிவு செய்கிறது. அது தாமதித்தால் வருமானமும் நின்றுவிடும். சங்கத்தின் உறுப்பினர் சில நூற்றுவரே. அரிசி ஆலைகளிலும் செங்கற்சூளைகளிலும் கொத்தடிமைகளாய் உழன்று மீட்கப்பட்டோருள் இருளர் பலர். ஒரு சங்கம் ஒரு குடியின் வறுமை முழுவதையும் நீக்கிவிட இயலாது. ஆனால், அறிவுக்குப் புதிய பயன் உண்டென்பதை அது மெய்ப்பித்தது.

இனி நம் மண்ணுக்கு வருவோம். இந்தியா சட்டமியற்றிய அதே 1972இல் மலேசியாவும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. அதன் இடத்தில் வந்த 2010ஆம் ஆண்டுச் சட்டம், பூர்வகுடியினர் குறிப்பிட்ட சில விலங்குகளைத் தம் உணவுக்காக வேட்டையாட இடமளிக்கிறது; விற்பனைக்கு இடமளிக்கவில்லை. காட்டைக் காப்பதும் காட்டை அறிந்தவரைக் காப்பதும் இங்கும் பிரிக்கவியலாத வினாக்களே.

தோட்டத் தமிழரின் தொழிலையோ எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. காலமும் சந்தையும் அதனை மெல்ல எடுத்துக்கொண்டன. 1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட கன்றுகளிலிருந்து தொடங்கிய இரப்பர், பேராக்கின் நிலத்தையே மாற்றியது. பின்னர் அத்தோட்டங்கள் செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறின. விடியுமுன் எழுந்து, உள்மரம் காயப்படாமல் பட்டையை மட்டும் மெல்லிதாய்ச் சீவிய கைகளுக்கு வேறென்ன செய்யத் தெரியும் என்று கேட்டவர் மிகச் சிலர். நிரை, மங்கு, ஒட்டுப்பால் போன்ற சொற்களும் அக்கைகளோடு ஓய்வெடுக்கத் தொடங்கிவிட்டன.

மாணவர்களே, உங்கள் பாட்டனும் பாட்டியும் செய்த தொழிலைப் பற்றி அவர்களிடமே கேளுங்கள். எவ்வாறு செய்தனர், எதற்கு என்ன பெயர் இட்டனர், எந்தப் பாம்பை எந்த நிரையில் கண்டனர் என்பதையெல்லாம் எழுதி வையுங்கள். ஆசிரியர்களே, அக்குறிப்புகளை வகுப்பறைக்குக் கொண்டுவாருங்கள். பாம்பு பிடிக்கும் அறிவு நஞ்சுமுறியாக மாறும் என்று 1972இல் எவரும் எண்ணியிருக்கவில்லை. அன்று அவ்வறிவு இருளரிடம் உயிரோடு இருந்தமையால்தான் பின்னர் அது பயன்பட்டது. நம்மிடம் எஞ்சியிருப்பதும் அதுபோல் உயிரோடு இருக்கவேண்டும்.