செலவு அழுங்கிய காலம்: கோவை வட்டாரத்துக் கொள்ளைநோய்களும் மக்களின் பொருள் வாழ்வும்

'செலவு' என்னும் சொல் பழந்தமிழில் பயணத்தைக் குறித்தது. பொருள்வயிற் பிரியக் கருதிய தலைவன் தலைவியின் துயர் கண்டு புறப்படாது நிற்றலைச் செலவழுங்குதல் என்பர் அகப்பொருள் நூலார். பிற்காலத்தே அச்சொல் பொருள் கைவிட்டுச் செல்லுதலையும் உணர்த்தலாயிற்று. இன்றைய வழக்கில் அப்பொருளே மேலோங்கி நிற்கின்றது. கொள்ளைநோய்க் காலத்துப் பொருளியலை ஆராயப் புகுவார்க்கு இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் அமைந்து கிடத்தல் பெரிதும் பயன்படும். மக்கள் செல்லுதல் நின்றவிடத்துப் பொருள் செல்லுதலும் நின்றுவிடுகின்றது. ஆயின், அழுங்குதலாவது அறவே செல்லாமை அன்று. தலைவியைத் தேற்றிப் பின்னர்ச் செல்லும்பொருட்டுத் தங்குதலே என்பது தொல்காப்பியக் கற்பியலால் பெறப்படும். நோய்க்காலத்து நின்ற செலவுகளுள் எவை இங்ஙனம் தாழ்த்துப் பின் நிகழ்ந்தன, எவை மீளாதே ஒழிந்தன என்பதே ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட வினா. கோவை நகரையும் அதன் வடபால் மேட்டுப்பாளையம் சாலையில் அமைந்த துடியலூர் வட்டாரத்தையும் இதற்கு நிலைக்களமாகக் கொள்கின்றோம்.

1896ஆம் ஆண்டு பம்பாயில் தோன்றிய பிளேக் நோய் இரண்டாண்டுகளில் மைசூர் நாட்டை எட்டிற்று. சென்னை நகரம் அதன் கொடுமையினின்று பெரிதும் தப்பிற்று. மைசூரை அடுத்திருந்த பல்லாரி, சேலம், கோவை ஆகிய மாவட்டங்களே தாக்குண்டன. எலியின்மேல் வாழும் தெள்ளுப்பூச்சியே நோயைக் கடத்துவது என்பதனைச் சீமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் 1898இல் வெளியிட்டார். எலி தவசத்தைத் தொடரும். தவசம் வண்டியையும் புகைவண்டியையும் தொடரும். எனவே வாணிகம் செழித்த ஊர்களையே அந்நோய் நாடிச் சென்றது. போத்தனூரினின்று கோவை வழியாக மேட்டுப்பாளையம் செல்லும் இருப்புப்பாதை 1873இலும், 1888இல் இராபர்ட் ஸ்டேன்ஸ் முதலியோர் முயற்சியால் நூற்றாலையும் ஏற்பட்டு, கோவை நகரம் வளரத் தொடங்கியிருந்த காலம் அது.

அவ்வளர்ச்சிக்கு நேர்ந்த தடையைக் குடிமதிப்புக் கணக்கே காட்டுகின்றது. 1901இல் 53,080 ஆக இருந்த நகர மக்கள்தொகை 1911இல் 47,007 ஆகக் குறைந்தது. குறைந்த 6,073 பேரையும் பிளேக் கொன்றது எனக் கூறிவிடுதல் எளிது. ஆயின் அது பொருந்தாது. எலி விழுந்தது கண்டவுடன் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்கு வெளியே கொட்டகையிட்டுத் தங்குதலும், உறவினர் ஊர்களுக்குச் செல்லுதலும் அக்காலத்து எங்கும் காணப்பட்ட வழக்கம். அரசாங்கமும் நோயுற்ற வீடுகளைக் காலி செய்வித்தது; நோயுள்ள ஊர்களினின்று வருவோர் அனுமதிச் சீட்டுப் பெற்றுக் குறித்த நாள்கள் வரை தம்மை மேற்பார்வைக்கு உட்படுத்த வேண்டியிருந்தது. ஆகவே அவ்வெண் இறந்தோரையும் அகன்றோரையும் ஒருங்கே உள்ளடக்கியது என்பதே எமது துணிபு. 1921இல் அத்தொகை 65,788 ஆக உயர்ந்தமை இதற்கு அரண் செய்யும். பத்தாண்டில் கூடிய 18,781 பேரைப் பிறப்பினால் மட்டும் விளக்குதல் இயலாது. அகன்றோர் மீண்டதும், புதிய ஆலைகளை நாடி நாட்டுப்புறத்தார் குடியேறியதும் காரணங்களாதல் வேண்டும்.

நகரத்தார் அகன்றபோது அவர்தம் செலவும் உடன் அகன்றது. கடைவீதியில் துணியும் பாத்திரமும் நகையும் விற்போர் வாங்குவாரை இழந்தனர்; கீற்றும் மூங்கிலும் விற்போர் ஆதாயம் பெற்றிருத்தல் கூடும். தென்னாட்டில் பிளேக் பெரும்பாலும் குளிர்ந்த மாதங்களிலேயே பெருகிற்று. கொங்கு நாட்டில் அறுவடைப் பணம் கையில் புழங்குவதும், தைத்திருமணங்கள் நிகழ்வதும் அப்பருவத்தையொட்டியே என்பது நினைக்கத்தக்கது. ஆண்டின் பெருஞ்செலவுக் காலமும் நோய்க்காலமும் ஒன்றாயின. தள்ளிவைத்த திருமணம் மறு ஆண்டில் நடைபெறும். அதற்குரிய கூறையும் தாலியும் அப்போது வாங்கப்படும். ஆனால், நாள்தோறும் வண்டியோட்டிப் பெறும் கூலியும், தலைச்சுமையாய் விற்ற கீரையின் விலையும் மறு ஆண்டில் இருமடங்காய் வாரா. அழுங்கிய செலவு செல்வர்க்கு; ஒழிந்த செலவு ஏழையர்க்கு. நகரக் கணக்குகள் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகின்றன.

நகரின் நலிவு கொண்டு நாட்டுப்புறமும் நலிந்தது எனல் ஆகாது. அதே பத்தாண்டுகளில்தான் கம்போடியாப் பருத்தி கொங்கு நாட்டுத் தோட்டக்கால் நிலங்களிற் பரவிற்று. கிணறு தோண்டுதற்கும் கவலை மாட்டுக்கும் உழவர் பொருள் செலவிட்டனர். நோய் தணிந்தபின் நகரம் விரைந்து எழுந்தமைக்கு இவ்வேளாண் அடித்தளமே தலையாய காரணம் எனக் கருதுகின்றோம். நெருக்கமான பழந்தெருக்களை விடுத்து அகன்ற தெருக்களோடு மேற்கே புதுக்குடியிருப்பு அமைந்ததும் நோய் தூண்டிய செலவேயாகும். நகராண்மைத் தலைவராயிருந்த சி. எஸ். இரத்தினசபாபதி முதலியார் பெயரால் அது இன்றும் வழங்குகின்றது. அஞ்சி ஓடியவர்கள் மீண்டு வந்து செங்கல்லிலும் சுண்ணாம்பிலும் பொருளிட்டனர் என்றால் மிகையாகாது.

1918ஆம் ஆண்டின் நச்சுக்காய்ச்சல் வேறு வகையது. அது நகர், நாட்டுப்புறம் என வேறுபாடு காணாது சில திங்களில் இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்டோரை மாய்த்தது. போரால் துணி விலை ஏறியிருந்தது, மழையும் பொய்த்தது. காய்ச்சல் கடுமையாகு முன்னரே, அவ்வாண்டு செப்டம்பரில், சென்னையில் தவசக் கடைகள் சூறையாடப்பட்டன. அங்கே வாங்குதல் குறைந்தது அச்சத்தால் அன்று, விலையால்.

இனி, நம் காலத்துக் கொரோனாப் பெருந்தொற்றை நோக்குவோம். 2020 மார்ச்சு 25 முதல் நாடு முழுதும் செலவு, அஃதாவது பயணம், ஆணையால் தடுக்கப்பட்டது. அவ்வாண்டு ஏப்பிரல் முதல் சூன் வரையிலான காலாண்டில், முதல் மதிப்பீட்டின்படி, நாட்டின் மொத்த உற்பத்தி 23.9 விழுக்காடும், தனியார் நுகர்வுச் செலவு 26.7 விழுக்காடும் வீழ்ந்தன. வேளாண்மை மட்டும் 3.4 விழுக்காடு வளர்ந்தது. நூற்றாண்டுக்கு முன் கோவையில் நாம் கண்ட நகர-நாட்டுப்புற வேறுபாடு இவ்வெண்களிலும் தோன்றுகின்றது. அதே காலாண்டில் குடும்பங்களின் நிதிச் சேமிப்பு நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 21 விழுக்காட்டை எட்டி, அடுத்த காலாண்டிலேயே 10.4 ஆக இறங்கிற்று என ரிசர்வ் வங்கி மதிப்பிட்டது. செலவு அழுங்கியதற்கும் பின்னர்ச் சென்றதற்கும் இதனினும் தெளிவான சான்று வேண்டா.

துடியலூர், கவுண்டம்பாளையம், கணபதிப் பகுதிகளில் கடைசற் பட்டறைகளும், பவுண்டரி என மக்கள் வழங்கும் வார்ப்புச் சாலைகளும் மிகுதி. நீரேற்றுப் பொறிகள் விலைபோகும் பருவம் கோடை. முழு அடைப்பு அக்கோடையையே விழுங்கிற்று. பொறி வாங்க எண்ணிய உழவர் அடுத்த ஆண்டு வாங்கலாம். அடைபட்ட பட்டறையில் வேலையிழந்து சொந்த ஊர் சென்ற வடநாட்டுத் தொழிலாளி விட்டுச்சென்ற தேநீர்க் கடைக் கணக்கும் வீட்டு வாடகையும் அங்ஙனம் அல்ல. அடுத்த ஆண்டு கோடையிலும் நோய் மீண்டது. 2021 மே இறுதியில் நாள்தோறும் காணும் புதுநோயாளர் தொகையில் கோவை மாவட்டம் சென்னையையும் விஞ்சிற்று. குடும்ப அட்டைக்கு நாலாயிரம் உருபாய் இரு தவணையாக அரசு வழங்கியமையும் அக்காலத்ததே. பிளேக் காலத்தில் இத்தகைய உதவியை மக்கள் எதிர்பார்த்திருக்கவே மாட்டார்கள்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். துடியலூரை அடுத்த தடாகம் பள்ளத்தாக்கில் செங்கற்சூளைகள் 2021இல் நின்றுபோயின. அவற்றை நம்பிய சரக்குந்தினரும் சிறுகடையினரும் வருவாய் இழந்தனர். நோயாண்டில் நிகழ்ந்தமையின் இதனை நோயின் கணக்கில் எழுதுவார் உளர். உரிமம் பெறாது இயங்கின என்பதே அவற்றை மூடியதற்குக் காரணம். இவற்றைப் பிரித்தறியாத ஆய்வு பிழைபடும்.

நோய் நிறுத்திய செலவுகளைக் கண்டோம். நோய் பிறப்பித்து, நோய் மறைந்த பின்னும் நில்லாத செலவு ஒன்றுண்டு. கோவையில் பிளேக் மாரியம்மன் என்னும் பெயரோடு கோயில்கள் இன்றும் வழிபாடு பெறுகின்றன. நோயின் பெயரை அறியாத இளைஞரும் அங்கே எலுமிச்சை மாலையும் கூழும் படைத்தற்குப் பொருள் ஈகின்றனர். 2021இல் இருகூரை அடுத்த காமாட்சிபுரி ஆதீனத்தில் கொரோனா தேவிக்குக் கருங்கற் படிமம் நிறுவப்பட்டபோது பலர் நகைத்தனர். கோவையின் பழைய வரலாறு அறிந்தார்க்கு அது வியப்பன்று.