குப்பையில் கிடந்த சைக்கிளும் மௌண்டன் பைக்கும்

1990-கள்ல செஞ்ச ஒரு மௌண்டன் பைக்கையும் இன்னிக்குக் கடையில நிக்கிற ஒண்ணையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்திப் பாருங்க மக்களே. ரெண்டும் ஒரே சாதி வண்டின்னு சொன்னா நம்ப முடியாது. சக்கரம் பெருசு, ஹேண்டில்பார் அகலம், முன்சக்கரம் எங்கேயோ தூரத்துல போய் நிக்குது. பழைய 26 இஞ்ச் வண்டியை ஆறு வருஷம் ஓட்டிட்டு 29-க்கு மாறினவன் நான். மாறினதும் மனசுல வந்த கேள்வி: இதெல்லாம் நிஜமான முன்னேற்றமா, இல்ல கம்பெனிக்காரன் நம்ம தலையில மிளகாய் அரைக்கிறானா? பதில் தேடிப் போனா அது 1933-ல கொண்டுபோய் விட்டுச்சு.

அமெரிக்காவுல பொருளாதாரப் பெருமந்தம் உச்சத்துல இருந்த வருஷம் அது. ஷ்வின் கம்பெனி சின்னப் பசங்களுக்காக குண்டு டயர் போட்ட சைக்கிளை விட்டாங்க. 26 இஞ்ச் சக்கரம், கனமான இரும்பு ஃபிரேம், பெடலைப் பின்பக்கம் மிதிச்சா பிடிக்கிற பிரேக். அந்தப் பசங்க வளர்ந்து கார் வாங்கினதும் சைக்கிளெல்லாம் காயலான் கடைக்கும் பரணுக்கும் போயிடுச்சு.

1970-கள்ல சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் கவுண்டியில சில இளைஞர்கள் இந்தப் பழைய வண்டிகளைச் சில டாலருக்கு வாங்கி, தமால்பைஸ் மலையில ஓட்ட ஆரம்பிச்சாங்க. (பேரைப் பார்த்துட்டு தமிழன் வெச்ச பேருன்னு கிளம்பிடாதீங்க, அது மிவோக் பூர்வகுடிகளோட மொழியில இருந்து வந்தது :-) ) 1974 டிசம்பர்ல மில் வேலியில நடந்த ஒரு சைக்ளோகிராஸ் போட்டிக்கு குபெர்ட்டினோவுல இருந்து வந்த சில பேர், இதே மாதிரி குண்டு டயர் வண்டியில கியர் மாட்டிக்கிட்டு வந்திருந்தாங்க. ஆமா, இன்னிக்கு ஆப்பிள் கம்பெனி இருக்கிற அதே குபெர்ட்டினோ தான். மரின் ஆளுங்களுக்குப் பொறி தட்டிடுச்சு.

1976 அக்டோபர் 21-ல ஃபேர்ஃபேக்ஸ் ஊர்ப் பக்கம் ஒரு மண்பாதையில முதல் இறக்கப் போட்டி நடந்துச்சு. சுமார் 3.4 கிலோமீட்டர் தூரத்துல 400 மீட்டர் இறக்கம். கீழ வர்றதுக்குள்ள பின் ஹப்புல இருக்கிற கிரீஸ் சூட்டுல புகைஞ்சு போயிடும். மறுபடி ஹப்பைப் பிரிச்சு கிரீஸ் அடைக்கணும். அதனாலயே அந்தப் பாதைக்கு 'ரீபேக்'னு பேராச்சு. சார்லி கெல்லி போட்டியை நடத்த, கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ் எல்லாம் ஓட்டினாங்க.

பழைய ஃபிரேம் எத்தனை நாள் தாங்கும்? 1977-ல ஜோ பிரீஸ் இதுக்குன்னே ஒரு புது ஃபிரேம் செஞ்சாரு. அந்த முதல் வண்டி இப்ப ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துல இருக்கு. கவனிக்க வேண்டிய விஷயம், கோணங்களை அவரு எடுத்தது ரோடு சைக்கிள்ல இருந்து இல்ல, பழைய ஷ்வின் எக்செல்சியர்ல இருந்து. முன் ஃபோர்க் நல்லா சாஞ்சு, முன்சக்கரம் ஓட்டறவனுக்குத் தள்ளி நிக்கும். செங்குத்தா இறங்கும்போது குப்புற விழாம இருக்கிறதுக்கு அதுதான் காரணம்.

1979-ல கெல்லியும் ஃபிஷரும் 'மௌண்டன்பைக்ஸ்'னு கம்பெனி ஆரம்பிச்சாங்க, ஃபிரேம் டாம் ரிட்சி செஞ்சது. 1981-ல ஸ்பெஷலைஸ்டு கம்பெனியோட ஸ்டம்ப்ஜம்பர் ஜப்பான்ல மொத்தமா தயாராகி வந்ததும் விளையாட்டு ஊரெல்லாம் பரவிடுச்சு. அந்தக் காலத்துல கொஞ்சம் பெரிய 650பி சக்கரத்தையும் முயற்சி பண்ணாங்க. அதுக்கு டயர் செஞ்சது யாரு தெரியுமா? ஃபின்லாந்தோட நோக்கியா! நம்ம கையில செங்கல் மாதிரி போனைக் கொடுத்த அதே நோக்கியா தான். ஆனா டயர் போதுமான அளவு அமெரிக்காவுக்கு வரல, 26 இஞ்சே நிலைச்சுடுச்சு. யாரும் கணக்குப் போட்டு முடிவு பண்ணது இல்ல, டயர் கிடைச்சுது, அவ்வளவு தான். நம்ம தொழில்ல இருபது வருஷத்துக்கு முன்னாடி எவனோ அவசரத்துக்கு எழுதின கோடு இன்னும் ஓடிக்கிட்டு இருக்குமே, அந்தக் கதை.

அப்புறம் நடந்தது தான் விசித்திரம். 80-கள்ல ஏத்தமும் இறக்கமும் கலந்த பந்தயங்கள் பெருகினதும் வண்டி ரோடு சைக்கிள் பக்கம் சாய ஆரம்பிச்சுது. முன்பக்கக் கோணம் சுமார் 71 டிகிரிக்கு நிமிர்ந்துச்சு. ஹேண்டில்பார் 60 சென்டிமீட்டருக்கும் குறைவு. அதை முன்னால தூக்கிப் பிடிக்கிற ஸ்டெம் மட்டும் 12, 13 சென்டிமீட்டர் நீளம். ஏத்தத்துல குதிரை மாதிரி போகும், இறக்கத்துல உயிரைக் கையில பிடிச்சுக்கணும். பழைய ஷ்வின் கத்துக்கொடுத்த பாடத்தைப் பாதி மறந்தே போயிட்டாங்க.

1989-90-ல பால் டர்னர் உருவாக்கின ராக்‌ஷாக்ஸ் முன் ஃபோர்க் வந்துச்சு. 1990-ல கொலராடோவுல டுராங்கோ நகரத்துல நடந்த உலகப் போட்டியில கிரெக் ஹெர்போல்டு அதை மாட்டிக்கிட்டு இறக்கப் பந்தயத்தை ஜெயிச்சாரு. 1996 அட்லாண்டாவுல இந்த விளையாட்டு ஒலிம்பிக்ஸுக்குப் போச்சு. 1999-ல 29 இஞ்சுக்கு அகல டயர் வந்தப்ப கேலி பண்ணவங்க நிறைய. 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ்ல யாரோஸ்லாவ் குல்ஹாவி 29-ல தங்கம், நீனோ ஷூர்ட்டர் 27.5-ல வெள்ளி. அதோட 26-க்கு சங்கு ஊதியாச்சு. அதே 2012-ல ஸ்ராம் கம்பெனி முன்பக்கம் ஒத்தைப் பல்சக்கரம், பின்னால 11-ன்னு கியர் கொண்டு வந்தாங்க.

அதுக்கப்புறம் கோணம் படிப்படியா சாஞ்சு, இன்னிக்கு மலைப்பாதை வண்டிகள்ல 65 டிகிரி சாதாரணம். ஹேண்டில்பார் 78 சென்டிமீட்டர், ஸ்டெம் 4, 5 சென்டிமீட்டர். இறங்கும்போது ஒரு பொத்தானை அமுக்கிக்கிட்டு உடம்பு எடையால அழுத்தினா சீட்டு கீழ போயிடும். நான் மாறின அன்னிக்கு உடம்புல உணர்ந்த வித்தியாசம் சக்கரத்தை விட இந்தக் கோணத்துல தான் அதிகம். பழைய வண்டியில இறங்கி உருட்டிக்கிட்டுப் போற இடத்துல, புதுசுல உக்காந்தபடியே யோசிக்க நேரம் கிடைக்குது.

ஆக, முன்னேற்றம் நிஜம் தான். ஆனா எல்லாம் இல்ல. பின் ஹப் அகலம் 135 மில்லிமீட்டர் இருந்துச்சு, 142 ஆச்சு, அப்புறம் 148. ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு காரணம் சொன்னாங்க. ஓட்டற நமக்கு அது லேசா தான் தெரியும், பழைய ஃபிரேமுக்கோ அது மரண ஓலை. நல்ல 26 இஞ்ச் ஃபோர்க் இன்னிக்குப் புதுசா வாங்கறது குதிரைக்கொம்பு. வண்டியில ஒரு கீறல் இருக்காது, உதிரி பாகம் இல்லாமலே செத்துப்போகும்.

கோணம் மாறினா ஓட்டறவனுக்கு லாபம். அளவு மாறினா பெரும்பாலும் விக்கிறவனுக்கு லாபம். புது வண்டிக்கு ஆசைப்படுறவங்க இந்த ரெண்டையும் பிரிச்சுப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. மரின் பசங்க குப்பையில இருந்து வண்டியை எடுத்துப் பிரிச்சு, ஹப்புல கிரீஸ் அடைச்சு, வேற வண்டியோட பாகத்தை மாட்டி ஓட்டினதால தான் இந்த விளையாட்டே பொறந்துச்சு. இன்னிக்கு விக்கிற வண்டிகளை நாப்பது வருஷம் கழிச்சு ஒருத்தன் பரண்ல இருந்து எடுத்தா, அப்படி மாட்டி ஓட்ட முடியுமா? எனக்கு நம்பிக்கை இல்ல. உங்களுக்கு?