மண்டபம் கேம்ப்: கடல் தாண்டி வந்த ஒரு வழக்கம்

ராமேஸ்வரம் ரயிலில் பாம்பன் பாலத்துக்குச் சற்று முன்னால் வரும் நிலையம் மண்டபம் கேம்ப். பெயரைக் கேட்டதும் இலங்கை அகதிகள்தான் நினைவுக்கு வருவார்கள். ஆனால் அந்தக் 'கேம்ப்' அகதிகளுக்காகப் போடப்பட்டதல்ல. இலங்கைத் தோட்டங்களுக்குப் புறப்பட்ட தமிழ்க் கூலியாட்களை நோய்க்குப் பயந்து நிறுத்திவைத்த இடம் அது. இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய முகாம்!

இப்படி நிறுத்திவைக்கும் யோசனை அட்ரியாட்டிக் கடற்கரை வணிகர்களுடையது. கொள்ளைநோய்க்காகத் துறைமுகத்தை மூடினால் பிழைப்பு போய்விடும். திறந்து வைத்தால் உயிர் போய்விடும். ரகூசா நகரம், அதாவது இன்றைய துப்ரோவ்னிக், 1377இல் ஒரு நடுவழி கண்டது: நோய் பரவிய ஊர்களிலிருந்து வருகிறவர்கள் நகருக்கு வெளியே 30 நாள் காத்திருக்க வேண்டும். வெனிஸ் அதைப் பின்பற்றி, 1423இல் நோயாளிகளுக்கென்று ஒரு தீவையே ஒதுக்கியது. காத்திருப்பும் 40 நாளாக நீண்டது. பிறகு ஐரோப்பியத் துறைமுகங்கள் பலவும் இதை நகலெடுத்தன. விதியை வளைத்தால் என்ன ஆகும் என்பதை 1720இல் மார்செய் கண்டது. ஒரு கப்பலின் துணிச்சரக்கைச் சந்தைக்குச் சேர்க்கும் அவசரத்தில் கட்டுப்பாடு தளர, நகர மக்களில் ஏறக்குறையப் பாதிப் பேரைப் பிளேக் கொண்டுபோனது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த வழக்கம் நம் கடலுக்கு வந்தபோது, அதன் பார்வை சரக்கைவிட ஆட்கள் மேல்தான் விழுந்தது. காப்பித் தோட்டங்களுக்குப் போனவர்கள் தோணியில் மன்னார்க் கரை இறங்கி, காட்டுவழியே மாத்தளைவரை நடந்தார்கள். காலராவும் அம்மையும் கூடவே நடந்தன. வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். 1896இல் பம்பாயில் பிளேக் வெடித்ததும் கெடுபிடி இறுகியது. கொழும்புக்கு அருகே ராகமையில் ஒரு முகாம் இயங்கியது. 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் வந்ததும் கூட்டம் இந்த வழிக்குத் திரும்ப, சோதனையும் மண்டபத்துக்கு இடம் மாறியது.

அங்கே ஆளைக் குளிக்கவைத்து, துணியை ஆவியில் வேகவைத்து, அம்மை குத்தி, சில நாள் பார்த்து அனுப்பினார்கள். போகிறவர் கழுத்தில் கயிற்றில் கோத்த ஒரு தகர வில்லை தொங்கும். அதில் தோட்டத்தின் அடையாளமும் ஓர் எண்ணும் பொறித்திருக்கும். வழிச்செலவு அந்தத் தோட்டத்தின் கணக்கில் ஏறும். பிறகு ஆள் சேர்த்துவந்த கங்காணி வழியாக ஆளின் தலையில் கடனாக விடியும். நோயைத் தடுக்க வந்த ஏற்பாடு, தோட்டத்துக்கு ஆள் எண்ணிக் கொடுக்கும் வாசலாகவும் ஆகிவிட்டது. எனக்கு இதுதான் இந்தக் கதையிலேயே வலிக்கும் இடம்.

1939இல் இலங்கைக்குக் கூலியாட்கள் போவதை இந்திய அரசு தடுத்தது. 1949இல் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் மண்டபம் கேம்புக்குக் குடிவந்தது. 1964இல், தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியா ஏற்றுக்கொள்வதற்கான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்பின் ஆட்கள் எதிர்த்திசையில் வந்தார்கள். தேயிலை மலைகளில் பிறந்து, இந்தியாவையே பார்த்திராதவர்கள், 'தாயகம் திரும்பியோர்' என்ற பெயரோடு இதே மண்டபத்து முகாமில் தங்கினார்கள். இலங்கையின் 1983 கலவரத்துக்குப் பின் அகதிகள் வந்தார்கள். 2022இல் இலங்கையில் அரிசிக்கும் பால்மாவுக்கும் வழியில்லாமல் போனபோது, படகேறித் தனுஷ்கோடிப் பக்கம் வந்திறங்கிய குடும்பங்களையும் அதிகாரிகள் மண்டபம் முகாமுக்கே கொண்டுவந்தார்கள்.