பில் எண்ணும் ஊர்ப்பெயரும்: தமிழகத்தில் நெகட்டிவ் அடுக்கிய முறைகளின் வரலாறு

2019 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு நடராசர் செப்புத்திருமேனி தமிழகம் திரும்பியது. கல்லிடைக்குறிச்சி குலசேகரமுடையார் கோயிலில் 1982இல் களவுபோன திருமேனி அது. அடிலெய்டு நகரிலுள்ள தெற்கு ஆஸ்திரேலியக் கலைக்கூடம் 2001இல் அதை விலைக்கு வாங்கியிருந்தது. அது அந்தக் கோயிலின் சொத்துதான் என்று நாட்டக் கைகொடுத்தது, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1958இல் எடுத்துவைத்திருந்த கறுப்பு வெள்ளைப் படம். படம் எடுத்தவருக்குக் களவைப் பற்றிய கவலை இருந்திருக்காது. சிற்பக்கலை ஆய்வுக்காக எடுத்தார், எடுத்ததை ஊர்ப்பெயரும் கோயில் பெயரும் சேர்த்து அடுக்கி வைத்தார்கள். அந்தப் பெயர்கள் விட்டுப்போயிருந்தால், அது ஆயிரம் நடராசர் படங்களில் ஒன்றாகக் கிடந்திருக்கும்.

தென்காசி வட்டாரத்தில், இலத்தூர் போன்ற ஓர் ஊரை மனத்தில் வைத்து, நெகட்டிவ்களை அடுக்கும் முறை எப்படி வளர்ந்தது என்று தேடினால் இரண்டு தனித்தனி மரபுகள் தென்படுகின்றன. அரசும் ஆய்வாளரும் ஊரை முதன்மையாக வைத்து அடுக்கினார்கள். ஸ்டுடியோக்காரர்கள் பில்லை முதன்மையாக வைத்து அடுக்கினார்கள். இரண்டுக்கும் பிறகு வந்த ஸ்கேனர் தனக்கென ஒரு வரிசையைக் கொண்டுவந்தது. அந்த வரிசைக்கு ஊரும் தெரியாது, ஆளும் தெரியாது. முந்தைய இரண்டையும்விட ஏழ்மையான வரிசை அது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஊர்வழி அடுக்கு

தமிழகத்தில் இதற்கு முதல் பெரிய சான்று லின்னேயஸ் ட்ரைப். சென்னைப் படையில் கேப்டனாக இருந்த அவரை 1856இல் சென்னை அரசு தன் நிழற்படக்காரராக நியமித்தது. 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து புறப்பட்டு சேலம் பக்கம், ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். சென்னைக் கலைப்பள்ளியைச் சேர்ந்த ஐயாசாமி அவருக்கு உதவியாக இருந்தார். ட்ரைப் பயன்படுத்தியவை பெரும்பாலும் மெழுகிட்ட காகித நெகட்டிவ்கள். வானம் வெறுமையாக விழுந்தால் நெகட்டிவின்மேலேயே மேகம் தீட்டிவிடுவார். 1858இல் வெளிவரத் தொடங்கிய தொகுப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு ஊர்ப்பெயரே தலைப்பு. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டைத் துண்டு துண்டாக எடுத்து, 21 பிரிண்ட்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளப் படமாக ஆக்கினார். அதற்கு எந்த நெகட்டிவுக்கு அடுத்தது எது என்ற கணக்கு தவறாமல் இருந்தாக வேண்டும். வரிசையும் படத்தின் பகுதிதான் என்பதற்கு இதைவிட நல்ல சான்று நம்மிடம் இல்லை. ஆளுநராக வந்த டிரெவிலியன் ட்ரைப்பின் வேலையை வீண் செலவு என்று நிறுத்திவிட்டார். ட்ரைப் மதுரைக்குத் தெற்கே வரவில்லை. ஆகவே திருநெல்வேலிச் சீமை அந்தத் தொகுப்பில் இல்லை.

படங்களைத் தொகுப்பாக வெளியிடுவது ஒரு வேலை, நெகட்டிவ்களுக்குப் பட்டியல் போடுவது வேறு வேலை. பின்னதன் முக்கியமான அச்சுச் சான்று கல்கத்தாவில் வந்தது. இந்தியத் தொல்பொருள்களைக் காட்டும் நெகட்டிவ்களுக்காகவே தியோடர் பிளாக் தயாரித்த பட்டியல் 1900இல் அங்கே வெளியாயிற்று. இந்தியன் மியூசியத்திலும் லண்டன் இந்தியா ஆபீசிலும் இருந்த நெகட்டிவ்களை அது ஒரே அடுக்கில் கொண்டுவந்தது. ஒரு பொருளின் நெகட்டிவ் எங்கே இருக்கிறது என்பதைத் தபாலில் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலை மாறி, புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கும் நிலை வந்தது. நம் பக்கத்தில் அலெக்சாண்டர் ரீ ஆதிச்சநல்லூரில் அகழ்ந்தெடுத்தவற்றின் அட்டவணை 1915இல் சென்னையில் அச்சானபோது, பொருள் எண்ணும் படத்தகட்டு எண்ணும் ஒன்றையொன்று சுட்டின. எது எந்தத் தாழி என்று இன்றும் சொல்ல முடிவது அதனால்தான்.

இந்த மரபின் உச்சம் புதுச்சேரி. பிரெஞ்சு நிறுவனம் 1955இல் ஜான் ஃபிலியோசா தலைமையில் தொடங்கியது; மறு ஆண்டே படத்தொகுப்பும் தொடங்கிவிட்டது. பி.இசட். பட்டாபிராமன், பிரான்சுவாஸ் லெர்னோ போன்றவர்கள் ஊர் ஊராகப் போனார்கள். சுவர்ச் சிற்பம், கோட்டம், உற்சவத் திருமேனி எதையும் விடவில்லை. இன்று அத்தொகுப்பு ஒன்றரை இலட்சம் படங்களைத் தாண்டிவிட்டது. பெரிய கோயில்களைவிடச் சிறிய ஊர்களின் கோயில்களுக்கே அதனால் அதிகப் பயன். ஆனந்தமங்கலம் இராசகோபாலப் பெருமாள் கோயிலில் 1978இல் களவுபோன இராமர், இலக்குவன், சீதை சிலைகள் 2020இல் லண்டனிலிருந்து திரும்பியதற்கும் இதே நிறுவனம் 1958 ஜூனில் எடுத்த படங்களே ஆதாரம்.

பில்வழி அடுக்கு

ஸ்டுடியோவின் கதை வேறு. அங்கே நெகட்டிவ் என்பது வியாபாரச் சொத்து, மறுபடி காப்பி போட்டால் காசு. அதனால் வாடிக்கையாளர் கையில் உள்ள பில்லுக்கும் பெட்டியில் உள்ள நெகட்டிவுக்கும் ஒரே எண். 120 ரோலில் பன்னிரண்டு சதுரப் படங்கள் விழும். கழுவிக் காய்ந்ததும் வெட்டி, ஓரத்தில் எண் போடுவார்கள். மையால் எழுதினால் பிரிண்டில் எண் வெள்ளையாக விழும். ஊசியால் கீறினால் கறுப்பாக விழும். மருந்துப் பக்கத்தில் எழுதினால் எழுத்தைத் திருப்பிப் போட வேண்டும், பளபளப்பான முதுகுப் பக்கத்தில் எழுதினால் நேராகவே போடலாம். பழைய குடும்பப் படங்களின் மூலையில் தெரியும் சிறிய வெள்ளை எண் இப்படி வந்ததுதான். பிறகு டச்சிங் மேசை. கூரான பென்சிலால் முகத்துப் புள்ளிகளை நிரவி, பட்டர் பேப்பர் உறையில் போட்டு, காலியான அக்ஃபா, இல்ஃபோர்ட், ஊட்டியில் தயாரான இந்து பிலிம் பெட்டிகளில் எண்வாரியாக நிறுத்தி வைப்பார்கள். பெட்டியின் நெற்றியில் முதல் எண்ணும் கடைசி எண்ணும் எழுதியிருக்கும்.

இந்த அடுக்கு முழுவதும் ஒரே ஒரு நோட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. எண், பெயர், ஊர், அளவு, அட்வான்ஸ், பாக்கி என்று கட்டம் போட்ட ரெஜிஸ்டர் அது. குற்றாலம் போன்ற சீசன் இடங்களில் படம் எடுத்தவர்களுக்கு முகவரியும் முக்கியம். படம் எடுத்த குடும்பம் மறுநாள் பஸ் ஏறிவிடும்; பிரிண்ட் தபாலில்தான் போக வேண்டும். அப்படிப்பட்ட ஒரு ரெஜிஸ்டர் இன்று கிடைத்தால், எந்த ஊர்க்காரர்கள் எந்த மாதம் அருவிக்கு வந்தார்கள், எத்தனை பேர் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு அதைவிடச் சிறந்த சமூக வரலாற்று மூலம் வேறு என்ன இருக்கும்?

ஆனால் ரெஜிஸ்டரைப் பழைய பேப்பர்க்காரர் எடைக்கு வாங்கினார். கறுப்பு வெள்ளை பிலிமை வெள்ளிக்காக வாங்கினார்கள். கண்ணாடி நெகட்டிவின் மருந்தை வெந்நீரில் உரித்துவிட்டு, பிரேம் போடும் கண்ணாடியாக்கினார்கள். இதைக் குற்றமாகச் சொல்ல எனக்கு மனமில்லை. இடம் வாடகைக்கு, வெள்ளி விலை ஏற்றத்தில், காப்பி கேட்டு யாரும் வரவில்லை. கடைக்காரர் வேறு என்ன செய்வார்?

எஞ்சியதைக் காக்கும் முயற்சி இந்த நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் வந்தது. பிரெஞ்சு நிறுவனத்தின் ஸோயே ஹெட்லி முன்னின்று, பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, தமிழ் ஸ்டுடியோ படங்களைத் தேடிச் சேர்த்தார். அரசும் ஆய்வாளரும் ஊரை வைத்துத் தேடிய இடத்தில், இந்த முயற்சி குடும்பத்தை வைத்துத் தேடியது. திரைத்துறையில் இதற்கு முன்பே பிலிம் நியூஸ் ஆனந்தன் படப்பெயரை வைத்து ஸ்டில்களையும் தகவல்களையும் அடுக்கியிருந்தார். அவர் சேகரிப்பைத் தமிழக அரசு வாங்கிக்கொண்டது.

சாரலும் காடி வாடையும்

தென்காசிக்காரர்களுக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. ஜூனிலிருந்து ஆகஸ்டு வரை சாரல் அடிக்கும் ஊரில் பிலிமை வைத்திருப்பது எளிதல்ல. ஜெலட்டின் ஈரத்தை இழுக்கும், பூஞ்சை பிடிக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து பிலிமின் உடலிலேயே இருக்கிறது. தீப்பிடிக்கும் நைட்ரேட் பிலிமைக் கோடாக் 1951இல் அடியோடு நிறுத்தியது. அதன் இடத்தைப் பிடித்த அசிடேட் பிலிமின் ஓரத்தில் ‘சேஃப்டி’ என்று அச்சிட்டிருக்கும். நெருப்புக்குத்தான் அது பாதுகாப்பு. சூட்டிலும் ஈரத்திலும் அசிடேட் தானே சிதையும், காடி வாடை அடிக்கும், பிலிம் சுருங்கி மருந்துப்படலம் வரிவரியாக எழும்பும். வெளிவந்த அமிலமே சிதைவை இன்னும் விரைவுபடுத்தும். 21 டிகிரி வெப்பத்திலும் 50 விழுக்காடு ஈரப்பதத்திலும் வைத்தாலே புதிய அசிடேட் பிலிம் இந்த நிலையைத் தொட ஏறக்குறைய 40 ஆண்டுதான் ஆகும் என்று ராசெஸ்டரிலுள்ள படிமக் காப்பு நிறுவனம் கணக்கிட்டது. நம் ஓட்டுவீட்டுப் பரணில் அந்த 21 டிகிரி எந்த மாதம் வரும்? அந்நிறுவனம் தயாரிக்கும் சோதனைத் தாளைப் பெட்டிக்குள் ஒருநாள் வைத்துப் பார்க்கலாம். நீலமாகவே இருந்தால் நல்லது, பச்சையானால் கவனிக்க வேண்டும், மஞ்சளானால் அந்தப் பெட்டியை மற்றவற்றிலிருந்து பிரித்து முதலில் ஸ்கேன் செய்ய வேண்டும். எந்தப் பெட்டியை முதலில் எடுப்பது என்பதை வாடை தீர்மானிக்கட்டும். படத்தின் அழகு அதற்குப் பிறகு.

ஸ்கேனரின் வரிசை

ஸ்கேனர் ஒவ்வொரு கோப்புக்கும் தானே ஓர் எண் கொடுக்கிறது. அடுத்த கோப்புறையில் அதே எண்ணை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். கோப்புக்குள் பதிவாகும் தேதி ஸ்கேன் செய்த நாள். படம் எடுத்த நாள் அல்ல. 1968இல் எடுத்த திருவிழாவைக் கணினி இந்த வருடத்தில் அடுக்கும். 35 மில்லிமீட்டர் பிலிமில் ஓரத்திலேயே சட்ட எண் இருக்கிறது. 22, 22ஏ என்று அது ஓடும். ஸ்கேன் செய்பவர் பெரும்பாலும் ஓரத்தை வெட்டிவிடுகிறார். எந்தப் படத்துக்கு முன் எது, பின் எது என்ற சாட்சி அத்தோடு போய்விடுகிறது. முதல் ஸ்கேன் ஓரத்தோடும் ஓட்டைகளோடும் இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாகவே இருப்பேன். வெட்டி அழகாக்கியது இரண்டாம் காப்பி.

இன்னொன்று, பிலிமைத் திருப்பி வைப்பது. நடராசரை எடுத்துக்கொள்வோம். இடக்கால் தூக்கியிருக்க வேண்டும். நெகட்டிவைப் புரட்டி வைத்து ஸ்கேன் செய்தால் வலக்கால் தூக்கியதாக வரும். வேறு ஊராக இருந்தால் உடனே பிடித்துவிடலாம். மதுரை வெள்ளியம்பலத்தில் மட்டும் கூத்தன் உண்மையிலேயே கால் மாறித்தான் ஆடுகிறான். ஆகவே ஊர்ப்பெயர் இல்லாத ஒரு நடராசர் ஸ்கேனில், தவறு படத்திலா, நம் ஊகத்திலா என்று சொல்ல முடியாது. ஓர எழுத்து நேராகத் தெரியும்படி வைத்தால் படமும் நேர். ஓர எழுத்தே இல்லாத கண்ணாடி நெகட்டிவில் இடத்தோள் முந்தானையையும் பூணூலையும் கடைப்பலகை எழுத்தையும் பார்த்து முடிவு செய்யலாம்.

ஊர்ப்பெயரை எழுதுவதிலும் சிக்கல் உண்டு. இலத்தூரை ஒருவர் எலத்தூர் என்று எழுதுவார், இன்னொருவர் ஆங்கிலத்தில் இரண்டு ‘டி’ போட்டு எழுதுவார். எலத்தூர் என்று தேடினால் ஈரோடு மாவட்டத்து எலத்தூரும் கோழிக்கோட்டுக்கு அருகிலுள்ள எலத்தூரும் வந்து நிற்கும். மாவட்டமும் நிலையாக இல்லை. 1970இல் உறையில் ‘திருநெல்வேலி ஜில்லா’ என்றிருக்கும். 1986க்குப் பின் சில காலம் நெல்லை கட்டபொம்மன் மாவட்டம், 2019 நவம்பர் முதல் தென்காசி மாவட்டம். பட்டியலில் இன்றைய பெயரை எழுதிவிட்டு உறையில் உள்ளதை அழிப்பது பெரும் பிழை. உறையில் உள்ளது ஒரு கட்டத்தில், இன்றைய வடிவம் அடுத்த கட்டத்தில், வட்டமும் மாவட்டமும் மூன்றாவதில், முடிந்தால் அட்சரேகை தீர்க்கரேகை நான்காவதில். கோப்புப் பெயர் இதையெல்லாம் சுமக்க வேண்டியதில்லை. பெட்டி எண், ரோல் எண், சட்ட எண் மூன்றும் பழைய ரெஜிஸ்டரில் உள்ளபடியே இருந்தால் போதும். நெகட்டிவைத் தொடும் முன் ரெஜிஸ்டரையும் பில் புத்தகத்தையும் உறைகளையும் பெட்டி நெற்றியையும் ஸ்கேன் செய்ய வேண்டும் என்பது இதனால்தான்.

ரெஜிஸ்டர் சட்டத்துக்கும் வேண்டும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, காசு கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். நெகட்டிவ் ஸ்டுடியோவின் பெட்டியில் இருக்கலாம். உரிமை ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஒரு குடும்பத்திடம் இருக்கும். ஸ்டுடியோ படங்களை இணையத்தில் ஏற்ற நினைக்கும் எந்த நிறுவனமும், அந்தக் குடும்பம் எது என்று கேட்கப் போக வேண்டிய இடம் பில் எண்ணுக்கு எதிரே எழுதிய அந்த ஒற்றை வரிதான்.